பாலன் குடிலுக்குப் போட்ட வேலி

குருநகர்,
யாழ்ப்பாணம்.
மார்கழி 17

அன்பு மகள் வசந்தினிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. மாதாவின் கிருபையால் நாங்கள் எல்லோரும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், நீயும் அந்தக் குளிர் நாட்டில் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்க மன்றாடுகிறோம். கை கால் சுகம் என்பது எங்கள் வீட்டுக் கடிதங்களில் யோசிக்காமல் எழுதுகிற சொல், என் அப்பா எழுதினார், நானும் நீ போன நாளிலிருந்து எழுதுகிறேன், இன்றைக்குத்தான் அதை எழுதிவிட்டுத் திரும்ப வாசித்துப் பார்த்தேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன் மகள், பிள்ளைகள் இரண்டு பேருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. நான் இதை எழுதும்போது ஜெசிதா விறாந்தையில் இருந்து கணக்குச் செய்கிறாள், ஜெனிஸ்ரன் அவளுடைய அழிறப்பரை ஒளித்துவைத்துக்கொண்டு இல்லை என்று சாதிக்கிறான். மிச்சத்தை வாசிக்கும்போது பயம் வந்தால் திரும்பவும் இந்த வரிக்கு வந்து பார்த்துவிட்டுப் போ.

போனில் சொல்லக்கூடாதா, ஏன் அப்பா காகிதத்தைத் தூக்கினார் என்று நினைப்பாய். போனைப் பிடித்துக்கொண்டிருப்பதே உன் பிள்ளைகள்தானே, நான் வாயைத் திறக்க முதல் இரண்டு தலை நடுவில் வந்துவிடும். அதோடு என் குரலைக் கேட்டால் நீ அந்த வயோதிபர் இல்லத்து வேலையை அப்படியே போட்டுவிட்டு அடுத்த பிளேனில் ஏறிவிடுவாய், அது எனக்குத் தெரியும், நீ என் மகள். அதனால் வேலை முடிந்து வந்து, சாப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு இருந்து வாசி.

இங்கே மழை விட்டு விட்டுப் பெய்கிறது. அம்மாவுக்கு முழங்கால் நோவு மழைக்குக் கூடியிருக்கிறது, எண்ணெய் பூசுகிறாள், பூசிவிட்டு என்னைத்தான் ஏசுகிறாள். மருமகன் ஜஸ்ரினுக்கு இந்த மாதம் நண்டு பரவாயில்லை, ஆனால் கடல் கொந்தளிப்பு என்று அடிக்கடி மறித்துவிடுகிறார்கள். எனக்கு எஞ்சின் திருத்துகிற வேலை இருக்கிறது, கண்தான் முந்தி மாதிரி இல்லை. பிள்ளைகள் செய்த கப்பல் பழுதில்லாமல் வந்து சேர்ந்ததைப் படத்தில் பார்த்தோம், உன் கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் வைத்திருக்கிறாய், நல்லது. தென்னம்பாளையில் செய்த உடம்பு வெடித்துவிடுமோ என்று நான் பயந்தேன். பாய்மரம் சூட்கேசுக்குள் அடங்காததால் உன் சிநேகிதி தர்சினி பிளேனில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாளாம், அவளுக்கு எங்கள் நன்றியைச் சொல். அந்தக் கப்பலைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

நீ வெள்ளிக்கிழமைகளில் அனுப்புகிற குரல்தான் இந்த வீட்டுக்குக் கிழமையில் பெரிய நாள். இந்த முறை சத்தம் போடுகிற ஒரு சாமான் தேடுங்கோ, கடல் தேய்த்து மினுக்கின ஒரு கண்ணாடித் துண்டு தேடுங்கோ, ஆரும் வேண்டாமென்று எறிந்த ஒன்றிலிருந்து வடிவான ஒன்று செய்யுங்கோ என்று நீ சொல்லச் சொல்ல அதுகள் போனுக்குள் புகுந்துவிடும் போல நிற்கும். சனிக்கிழமை முழுக்கப் புதையல் வேட்டை, ஞாயிற்றுக்கிழமை ஒட்டுதல், தைத்தல், வர்ணம் பூசுதல், பின்னேரம் உனக்குக் காட்டுதல். கரையில் பொறுக்கின சிப்பியும் அறுந்த வலைத் துண்டும் மிதவைக் கட்டையும் என் வேலைக் கொட்டிலை நிறைத்துவிட்டன, நான் ஸ்பானரைத் தேடினால் சோகிச் சிப்பிதான் அகப்படும். நான் வாயால் ஏசினாலும் உள்ளுக்குள் எனக்குச் சந்தோசம்தான், தாயைக் காணாத பிள்ளைகள் அழாமல் கிழமையைக் கடத்துகின்றன. கார்த்திகையில் சந்தியோகு சித்தப்பாவின் கிளாலித் தென்னங்காணிக்கு நாங்கள் சனி ஞாயிறுகளில் போய்த் தங்கினோம் அல்லவா, அங்கேயும் வேட்டை நடந்தது. பெரியவர்கள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சரிவோம், பிள்ளைகள் வளவுக்குள் விளையாடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வோம். ஒருநாள் ஜெனிஸ்ரன் ஒரு காற் செருப்போடு வந்து நின்றான், நீ காசு அனுப்பி வாங்கின நீலச் செருப்பு, மற்றது எங்கே என்றால் சேறு பிடித்துக்கொண்டது என்றான். நான் ஏசினேன், காசு மரத்தில் காய்க்கிறதோ என்று கேட்டேன். எந்தச் சேறு என்று கேட்கத் தோன்றவில்லை மகள், அதை நினைத்துத்தான் இப்போது நித்திரை இல்லாமல் கிடக்கிறேன்.

மார்கழி பிறந்ததும் கிறிஸ்மஸுக்குப் பாலன் குடில் வேலை தொடங்கியது. இந்த முறை அம்மப்பா கை வைக்கக்கூடாது, நாங்களே செய்வோம் என்று ஜெசிதா சொல்லிவிட்டாள். பங்குக் கோவிலில் குடில் போட்டி வேறு வைத்திருக்கிறார்கள், அதனால் அவளுக்கு ஒரே மும்முரம். சீமெந்துப் பேப்பரைக் கசக்கி மலை செய்தாள், மீன் ரின்னில் நெல் முளைக்கப் போட்டு வயல் வைத்தாள், கண்ணாடித் துண்டுகளால் குளம் கட்டினாள். ஆடுகள் நிற்கிற இடத்தைச் சுற்றி ஒரு வேலி. ஒரே தடிப்பான தடிகள், சாண் அளவாக முறித்தது, எல்லாவற்றுக்கும் நுனியில் சிவப்பு, சணல் கயிற்றால் வரிசையாகக் கட்டியிருந்தாள். இவ்வளவு நேராக ஆர் வர்ணம் அடித்தது என்று கேட்டேன். கிளாலியில் எடுத்தது, அப்பிடியேதான் கிடந்தது என்றாள். நானும் மெச்சினேன். அடுத்த வீட்டார் வந்து மெச்சினார்கள், படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த வேலிக்கு முன்னால்தான் நாங்கள் ஒவ்வொரு நாளும் முழந்தாளில் நின்று செபமாலை சொன்னோம்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சந்தியோகு தேங்காய் கொண்டு வந்தான். உனக்குத் தெரியும்தானே, அவன் வந்தால் முதலில் பிள்ளைகளோடு கூத்தடித்துவிட்டுத்தான் மற்றக் கதை. ஜெசிதா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குடிலைக் காட்டினாள். அவன் சிரித்துக்கொண்டே குனிந்தான், குனிந்தவன் நிமிரவில்லை. பிறகு பொய்க்காலை நீட்டியபடி நிலத்தில் இருந்துவிட்டான், முகத்தில் இரத்தமே இல்லை. நெஞ்சு நோகுதோ என்று கேட்டுக்கொண்டு ஓடினேன். அண்ணை, உந்தத் தடி எங்காலை வந்தது என்றான். பிள்ளைகள் கிளாலியில் பொறுக்கினது என்றேன். பொறுக்கேல்லை அண்ணை, பிடுங்கியிருக்குதுகள், இது மிதிவெடி எடுக்கிற ஆக்கள் நட்ட எல்லைத் தடி, சிவப்புக்கு அங்காலை இன்னும் துப்புரவாக்கேல்லை என்றான்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம். அம்மா ஓடிவந்து இரண்டு பிள்ளைகளையும் கதிரையில் தூக்கி வைத்துக் காலைப் பிடித்துப் பார்த்தாள், பாதம், கணுக்கால், ஒவ்வொரு விரலாக. ஜெனிஸ்ரன் கூச்சத்தில் சிரித்தான். அவன் சிரிக்கச் சிரிக்க அவளுக்கு அழுகை. போர்க்காலம் முழுக்க உங்களைத் தூக்கிக்கொண்டு ஓடினவன்தான் நான், அப்போதுகூட இந்தப் பயம் இருந்ததில்லை. அப்போது வருகிறது என்று தெரிந்து பயந்தோம். இது எங்களுக்குத் தெரியாமல் வந்து, போய், வேலியாகி வீட்டுக்குள் நின்றிருக்கிறது.

ஏசாமல் கேட்க வேண்டும் என்று சந்தியோகுதான் சொன்னான், அவனே கேட்டான். ஜெசிதா ஒளிக்கவில்லை. காணி வேலிக் கடப்புக்கு அங்கால் பற்றைக்குள் ஒரு போர்ட் நிற்கிறதாம், அதில் மண்டையோடும் இரண்டு எலும்பும் கீறியிருக்கிறதாம். புதையல் இருக்கிற இடத்திலைதானே மண்டையோடு போடுவினம் தாத்தா, நாங்கள் பாத்த கார்ட்டூனிலை எல்லாம் அப்பிடித்தான் என்றாள். எழுத்து வாசிக்கேல்லையோ என்று கேட்டான். வாசிச்சனான், அபாயம் எண்டு இருந்தது, புதையலுக்குக் கிட்டப் போனா அப்பிடித்தானே எழுதியிருப்பினம் என்றாள். நீ அந்தக் கிழமை, ஒரே மாதிரி இருக்கிற சிவப்புச் சாமான் சேருங்கோ என்று சொல்லியிருந்தாய். இதை உன்னில் பிழை என்று நான் எழுதவில்லை, சத்தியமாக இல்லை, நடந்ததை நடந்தபடி சொல்லுகிறேன். எத்தனை முறை போனீர்கள் என்று கேட்டதற்குச் சின்னவன் நிறையத் தரம் என்று பெருமையாகச் சொன்னான். கிளாலிக்குப் பக்கத்துப் பளைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் படம் காட்டிச் சொல்லிக் கொடுக்கிறார்களாம். குருநகரில் கடற்கரையில் வளர்கிற பிள்ளைகளுக்கு ஆர் சொன்னது.

அப்போதுதான் ஜெசிதா அந்தச் சொல்லைச் சொன்னாள், அது இப்போதும் என் காதுக்குள் நிற்கிறது. நாங்கள் கடல் பக்கம் போகவே இல்லை அம்மப்பா, பற்றைக்குள்ளைதான் நிண்டனாங்கள், காலைக் கடிக்கிறது கடலிலைதானே என்றாள்.

நாங்கள் வளர்த்த சுறா அது, மகள். அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது சித்தப்பாவின் காலைப் பார்த்து இது ஏன் இல்லை என்று கேட்க, நீ சட்டென்று சுறா கடித்தது என்றாய். வாசலில் இருந்து நாலு எட்டு வைத்தால் தண்ணீர், பிள்ளை இறங்கிவிடும் என்ற பயத்தில் நீ சொன்னது நியாயம்தான் என்று எல்லோரும் நினைத்தோம். சண்டைக் கதை பிள்ளைகள் காதில் விழவே வேண்டாம் என்பது இந்த வீட்டில் எங்கள் எல்லோருக்கும் சம்மதமாக இருந்தது. நாங்களும் ஒத்து ஊதினோம், சந்தியோகு அதற்கு மேலே போய் வருசத்துக்கு வருசம் சுறாவைப் பெருப்பித்தான், போன ஈஸ்டருக்கு அது வள்ளத்தை விடப் பெரிதாகிவிட்டது, நாங்கள் வயிறு நோகச் சிரித்தோம். தன் காணிக்குத் திரும்பி வந்து வேலி அடைக்கும்போது மிதிவெடி மிதித்த கால் அது என்று ஒருவரும் சொல்லவில்லை. கடலுக்குப் பயப்பிடப் பழக்கினோம், பிள்ளைகள் நன்றாகப் பழகிக்கொண்டன.

அந்த நேரம் சந்தியோகு எழும்பி, அண்ணை, பிள்ளையள் தப்பிட்டுதுகள், ஆனால் தடியில்லாமல் அந்த இடம் வெறுமனே கிடக்குது, விறகுக்குப் போற சனத்துக்கு என்னெண்டு தெரியும் என்றான். அதுவரைக்கும் எனக்கு அந்த யோசனையே வரவில்லை. குடில் வேலியை அப்படியே பிடுங்கிச் சாக்கில் போட்டுக்கொண்டு, ஜஸ்ரினையும் எழுப்பிக்கொண்டு ஆட்டோவில் கிளாலிக்குப் போனோம். போர்ட்டில் இருந்த நம்பருக்குச் சந்தியோகு போன் எடுத்தான். ஞாயிறு என்றாலும் வாறம், நீங்கள் ஆரையும் விடாமல் பாதையிலை நில்லுங்கோ என்றார்களாம். பாதையை விட்டு விலகாதேங்கோ என்று சொல்லிவிட்டு அவன் முன்னால் நடந்தான், நான் அவன் பொய்க்கால் பதிந்த இடத்தில் என் காலை வைத்து வைத்துப் போனேன். அவர்கள் வரும் வரைக்கும் மூன்று பேரும் தள்ளித் தள்ளி நின்றோம். ஒரு மாடு பற்றைப் பக்கம் திரும்பத் திரும்ப ஜஸ்ரின் தேங்காய் மட்டையால் எறிந்து துரத்தினான், உன் புருசனுக்குக் கன்னம் முழுக்க ஈரம், நான் பார்க்காத மாதிரி நின்றேன். கத்தியும் கயிறுமாய் விறகுக்கு வந்த ஒரு மனிசியைத் திருப்பி அனுப்பினோம். அவ முதல் நாளும் அதே இடத்தில் விறகு வெட்டினதாகச் சொன்னா.

வந்தவர்களுக்குப் பொறுப்பாக ஒரு பெண் பிள்ளை, நிரோஜா என்று பெயர், உன் வயதுதான் இருக்கும். அவள் எங்களை ஏசுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவள் ஏசவில்லை, பிள்ளையளுக்கு ஒண்டும் இல்லையோ எண்டதை முதல் சொல்லுங்கோ ஐயா என்றாள். சிறுபிள்ளைகள் பாரம் குறைவு, அதனால்தான் வெடிக்கவில்லையோ என்று ஒரு ஆறுதலுக்குக் கேட்டேன். அப்பிடி ஒண்டும் இல்லை ஐயா, இது நாய்க்கும் வெடிக்கும் என்றாள். புதுத் தடிகளை நட்டார்கள், நாங்கள் கொண்டுபோனதைத் தங்கள் வரைபடத்தோடு வைத்துச் சரி பார்த்தார்கள். மூலைத் தடி ஒன்று உதுக்குள்ளை இல்லை என்றாள். வீட்டில் கேட்டால் குடிலுக்கு எடுத்தது எல்லாம் குடிலில்தான் இருந்தது என்று பிள்ளைகள் சத்தியம் செய்தார்கள்.

இனி எழுதப்போவதை எழுதாமல் விடலாமோ என்று யோசித்துப் பார்த்தேன். அம்மா சொன்னாள், அவள் பெத்தவள், அவளுக்குத் தெரியத்தான் வேணும் எண்டு. முந்தநாள் நிரோஜா வீட்டுக்கு வந்தாள், கையில் ஒரு பொலித்தீன் பை. அந்த மூலைப் பக்கம் பற்றையைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, கருவி பிடித்துத் துப்புரவாக்கினார்களாம். பைக்குள் ஜெனிஸ்ரனின் நீலச் செருப்பு. அதிலிருந்து ஒரு சாண் தள்ளி, மண்ணுக்குக் கீழே, சப்பாத்துப் பொலிஷ் பேணி அளவில் ஒன்று இருந்தது, எடுத்துவிட்டோம் என்றாள். ஒரு சாண் என்று தன் கையை விரித்துக் காட்டினாள். நான் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா அவளுக்குத் தேத்தண்ணி போடப் போனவள் குசினிக்குள்ளேயே நின்றுவிட்டாள், கடைசியில் ஜெசிதாதான் கொண்டுவந்து கொடுத்தாள்.

எனக்கு இப்போது எல்லாவற்றுக்கும் பயமாக இருக்கிறது மகள். பிள்ளைகள் ஓடுகிற சத்தம் கேட்டால் பயம், சத்தம் நின்றால் அதைவிடப் பயம். பள்ளிக்கூட வான் வர ஐந்து நிமிடம் பிந்தினால் ஒழுங்கை முகப்பில் போய் நிற்கிறேன். என்னை விடச் சின்னவன் பாடு மோசம். சந்தியோகு அன்றைக்கே இரண்டு பேரையும் முன்னால் இருத்தி, பொய்க்காலைக் கழற்றி வைத்துவிட்டு நடந்த உண்மையைச் சொன்னான், நிதானமாகச் சொன்னான், ஒன்றையும் பெருப்பிக்கவில்லை. அன்றிலிருந்து ஜெனிஸ்ரன் மண்ணில் கால் வைக்கிறான் இல்லை. விறாந்தையிலிருந்து கிணற்றடிக்குச் சீமெந்து நிலத்தாலேயே சுற்றிப் போகிறான், கடற்கரை மணலுக்குக்கூட நான் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. ஜெசிதாவின் பயம் வேறு மாதிரி, அவள் எங்களை நம்புகிறாள் இல்லை. அப்ப சுறா ஒண்டுமே செய்யேல்லையோ, எல்லாரும் சேந்து ஏன் பொய் சொன்னனீங்கள், அம்மாவும் பொய்தான் சொன்னவவோ, அம்மா சொல்லட்டும் என்கிறாள்.

அதனால் ஒன்றைக் கேட்கிறேன், இதைச் செய். இந்தக் கடிதம் கிடைத்த பிறகு வருகிற வெள்ளிக்கிழமை நீயே உன் வாயால் சொல்லு. பயத்தில் சொன்ன பொய் என்று சொல்லு, அழுகை வந்தால் அழு, அதுகள் கேட்கட்டும், நாங்கள் அடைத்து வைத்ததால்தான் இவ்வளவும் வந்தது. ஜெனிஸ்ரனுக்கு எந்த மண்ணில் நடக்கலாம், எதில் நடக்கக்கூடாது என்று நான் கையைப் பிடித்துக் காட்டிப் பழக்குகிறேன். வேட்டையை மட்டும் நிற்பாட்டிவிடாதே. நிற்பாட்டினால் அதுகளுக்கு நீ கொடுத்த தண்டனை மாதிரி ஆகிவிடும், கிழமையில் ஒருக்காக் கேட்கிற குரலும் இல்லாமல் போய்விடும். தேடச் சொல், ஆனால் எங்கள் வளவுக்குள் தேடச் சொல், இல்லாவிட்டால் நானோ ஜஸ்ரினோ கூடப் போகிற இடத்தில் தேடச் சொல். இனி மத்தியானம் ஒருவரும் சரிவதில்லை என்று இந்த வீட்டில் சட்டம் போட்டிருக்கிறேன், நானே முதல் ஆளாகத் தூங்கி விழுகிறேன், அது வேறு கதை. குடிலுக்கு இப்போது வேலி இல்லை. போட்டியிலிருந்து பெயரை எடுத்துவிடலாமோ என்று ஜெசிதாவைக் கேட்டேன், வேண்டாம், ஆடுகள் சும்மா நிற்கட்டும் என்றாள்.

நேரத்துக்குச் சாப்பிடு, சொக்ஸ் போடாமல் வேலைக்குப் போகாதே. ஆண்டவர் இந்த முறை பிள்ளைகளைக் காத்த மாதிரி உன்னையும் எப்போதும் காக்கட்டும், பிறக்கப்போகிற பாலன் உன் கண்ணீரைத் துடைக்கட்டும். பெருவிழாப் பூசைக்கு அங்கே கோவில் கிட்ட இல்லாவிட்டாலும் ஒரு மெழுகுதிரி கொளுத்து, இரண்டாகக் கொளுத்து.

கடைசியாக அந்தக் கப்பல். மூலைத் தடியை வீடு முழுக்கத் தேடினேன், கொட்டிலைக் கவிழ்த்துத் தேடினேன். நீ முந்தி அனுப்பின படத்தை நேற்றுத் திரும்ப எடுத்துப் பார்க்கும்போதுதான் கண்டேன். ஜெசிதாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். குடிலுக்கு எண்டு எடுக்கேல்லை அம்மப்பா, அதுதான் முதல் எடுத்தது, கிடந்ததுகளுக்குள்ளை நல்ல வடிவானது, அதை அம்மாவுக்கு எண்டு தம்பிதான் ஓடிப்போய்ப் பிடுங்கினவன் என்றாள். நிரோஜா அந்த இடத்துக்குப் புதுத் தடி நட்டுவிட்டாள், திருப்பி அனுப்ப வேண்டாம். எறிந்துவிடாதே. உன் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிற அந்தப் பாய்மரத்தின் நுனியைப் பார் மகள், சிவப்பாக இருக்கும். அதைப் பிடுங்கி எடுக்கும்போதுதான் உன் மகனுக்குச் செருப்புக் கழன்றது.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
ம. கிறிஸ்ரோபர்